எட்டு வரிகளும் ஐந்து கோடி டாலரும்

அரசு நிதி பற்றிய பாடத்தில் 'நிபந்தனை மானியம்' என்று ஒரு சமாச்சாரம் வரும். மேலே இருக்கும் அரசு கீழே இருக்கும் அரசுக்குப் பணம் கொடுக்கும். ஆனால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும், இப்படித்தான் செலவழிக்க வேண்டும், உன் பங்காக நீயும் இவ்வளவு போட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்கும். புத்தகத்தில் இதற்குச் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் என்று உதாரணம் தருவார்கள். என்னைக் கேட்டால் இதற்கு இருப்பதிலேயே நல்ல உதாரணம், அமெரிக்க மத்திய அரசு பதின்ம வயதுப் பிள்ளைகளின் பாலியல் கல்விக்குப் பணம் கொடுத்த கதைதான். எந்தப் பாடப்புத்தகமும் அதைத் தொடாது என்பது வேறு விஷயம்.

தலைப்பைப் பார்த்து யாரும் நெளிய வேண்டாம். இதில் பாலியலை விடக் கணக்குதான் அதிகம்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், ஊர் ஊராக இருக்கும் பள்ளி மாவட்டங்களின் பொறுப்பு. எந்த வகுப்பில் என்ன பாடம் என்று வாஷிங்டன் உத்தரவு போட முடியாது; சட்டமே அதைத் தடுக்கிறது. அப்படியிருக்க, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஆணுறை பற்றி வாத்தியார் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதில் வாஷிங்டன் எப்படி நுழைந்தது? பணத்தின் வழியாகத்தான்.

முதல் பணம் 1918-ல் வந்தது. முதல் உலகப் போர் நேரம். படைக்கு எடுத்த இளைஞர்களிடையே பால்வினை நோய் பரவியிருப்பதைப் பார்த்து ராணுவம் கவலைப்பட்டது. சேம்பர்லின்-கான் சட்டம் என்று ஒன்று போட்டு, பொதுச் சுகாதாரத் துறையில் பால்வினை நோய்க்கென்று தனிப் பிரிவு திறந்து, மாநிலச் சுகாதார வாரியங்களுக்கும் பணம் கொடுத்தார்கள். அடுத்த வருடமே பையன்களுக்கான படக் கண்காட்சி ஊர் ஊராகப் போனது. உடற்பயிற்சி செய், விளையாடு, கெட்ட சகவாசம் வேண்டாம் என்கிற ரகம். அப்போது பிரச்சினை நோய்தான். பிள்ளைகளின் ஒழுக்கம் பற்றிய சண்டை பிறகுதான் வந்தது.

1970-ல் நிக்சன் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான மத்திய நிதிச் சட்டம் வந்தது. ஏழைப் பெண்களுக்கு அரசுப் பணத்தில் கருத்தடை கிடைத்தது. பதின்ம வயதுப் பெண்களும் அந்த கிளினிக்குகளுக்குப் போனார்கள். பெற்றோருக்குத் தெரியாமல் என் மகளுக்கு மாத்திரை கொடுக்க அரசாங்கம் யார் என்ற கோபம் அங்கே ஆரம்பித்தது. அந்தக் கோபத்துக்கு 1980-ல் ரீகன் ஜெயித்த பிறகு வாஷிங்டனில் ஆள் கிடைத்தார்கள்.

அதில் ஒருவர் அலபாமா செனட்டர் ஜெரமையா டென்டன். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வியட்நாம் போரில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஏழு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தவர். 1966-ல் வட வியட்நாம்காரர்கள் இவரை கேமரா முன்னால் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தபோது, வாயால் பதில் சொல்லிக்கொண்டே கண் இமைகளால் மோர்ஸ் சங்கேதத்தில் 'சித்திரவதை' என்று சொல்லிக்காட்டியவர். அப்பேர்ப்பட்ட மனிதர் செனட்டுக்கு வந்ததும் கையில் எடுத்த விஷயங்களில் ஒன்று பதின்ம வயதினரின் கற்பு. 1981-ல் ஆரின் ஹேட்ச் ஆதரவோடு அவர் கொண்டுவந்த சட்டத்துக்கு 'வளரிளம் பருவக் குடும்ப வாழ்வுச் சட்டம்' என்று பெயர். எதிர்த்தவர்கள் அதைக் 'கற்புச் சட்டம்' என்று கிண்டலடித்தார்கள். திருமணம் வரை உறவு வேண்டாம் என்று போதிக்கும் அமைப்புகளுக்கு மத்திய அரசு முதன்முதலாகப் பணம் கொடுத்தது இதில்தான். மத அமைப்புகளும் இதில் பங்கெடுக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது.

வழக்கு வராமல் இருக்குமா? அரசுப் பணம் தேவாலயத்துக்குப் போகிறது என்று வழக்கு. 1988-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், சட்டம் அதனளவில் செல்லும் என்றது. பணம் நடைமுறையில் எப்படிச் செலவாகிறது என்பதைக் கீழ் நீதிமன்றம் பார்க்கட்டும் என்று அனுப்பிவிட்டது. இழுத்து இழுத்து 1993-ல் சமரசம் ஆனது. இந்தப் பணத்தில் நடக்கும் பாடத்தில் மதப் பிரசாரம் இருக்கக் கூடாது, சொல்வது மருத்துவ ரீதியாகச் சரியாக இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்த இரண்டாவது நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் எய்ட்ஸ் வந்தது. ரீகன் நியமித்த சர்ஜன் ஜெனரல் எவரெட் கூப் (நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) தீவிர கிறிஸ்தவர், கருக்கலைப்புக்குக் கடும் எதிரி. அதனால்தான் அவரை நியமித்தார்கள். ஆனால் 1986-ல் அவர் எழுதிய எய்ட்ஸ் அறிக்கை, தொடக்கப் பள்ளியிலிருந்தே பாலியல் கல்வி வேண்டும், ஆணுறை பற்றியும் சொல்ல வேண்டும் என்றது. நியமித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1988-ல் அவர் பெயரில் 8 பக்கப் பிரசுரம் ஒன்று 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தபாலில் போனது. நான் நாட்டின் சர்ஜன் ஜெனரல், சாமியார் ஜெனரல் இல்லை என்கிற தொனியில் அவர் நடந்துகொண்டார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த மனிதர் இவர்தான்.

அந்தப் பதவிக்குப் பின்னால் வந்த ஜாய்ஸ்லின் எல்டர்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். 1994 டிசம்பரில் ஐ.நா.வில் நடந்த எய்ட்ஸ் தினக் கூட்டத்தில், சுய இன்பம் பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்கு, அது மனிதப் பாலியலின் ஒரு பகுதி, பாடத்தில் சொல்லலாம் என்கிற மாதிரி பதில் சொன்னார். சில நாட்களிலேயே கிளின்டன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் தேர்தலில் குடியரசுக் கட்சி இரண்டு சபைகளையும் பிடித்திருந்தது. கிளின்டன் யாருக்குப் பயந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனிதான் முக்கியமான கட்டம்.

1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவியைத் தலைகீழாக மாற்றிய சட்டம். திருமணம் ஆகாத தாய்மார்கள் அரசுப் பணத்தில் பிள்ளை வளர்க்கிறார்கள் என்பதுதான் அன்றைய பெரிய குற்றச்சாட்டு. கல்யாணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகளின் விகிதத்தைக் கருக்கலைப்பைக் கூட்டாமல் குறைக்கும் மாநிலங்களுக்கு, வருடத்துக்கு 10 கோடி டாலர் போனஸ் என்று கூட அதில் ஒரு பிரிவு உண்டு. (விற்பனை இலக்கை எட்டியவருக்கு ஊக்கத்தொகை தருவது போல!) அந்தப் பெரிய சட்டத்தில் கடைசி நேரத்தில், பொது விசாரணையோ விவாதமோ இல்லாமல், சின்னதாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 'திருமணம் வரை விலகியிரு' கல்விக்கு வருடத்துக்கு 5 கோடி டாலர், ஐந்து வருடத்துக்கு.

அமெரிக்க பட்ஜெட்டில் 5 கோடி டாலர் என்பது கண்ணுக்கே தெரியாத தொகை. அதன் வேலை தொகையில் இல்லை, அதோடு வந்த வரையறையில் இருந்தது. ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ராபர்ட் ரெக்டருக்கு அதை எழுதியதில் பெரிய பங்கு. எட்டு வரிகள். விலகியிருப்பதன் நன்மையைச் சொல்வது மட்டுமே பாடத்தின் நோக்கமாக இருக்க வேண்டும் என்பது முதல் வரி. திருமணத்துக்குள் ஒருவருக்கு ஒருவர் உண்மையாக இருப்பதே மனிதப் பாலுறவின் எதிர்பார்க்கப்படும் நியதி என்பது நடுவில் ஒன்று. திருமணத்துக்கு வெளியே உறவு வைத்தால் மனத்துக்கும் உடலுக்கும் கேடு வர வாய்ப்புண்டு என்பது அடுத்தது. சொந்தக் காலில் நின்ற பிறகே பாலுறவு என்பது கடைசி. எட்டுக்கும் முரணாக ஒரு வார்த்தை அந்தப் பணத்தில் பேசக் கூடாது. கருத்தடை பற்றிப் பேசலாம், அது எத்தனை தடவை தோற்கும் என்று சொல்வதற்கு மட்டும்.

அந்த எட்டு வரிகளில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 1993-ல் வழக்குப் போட்டு வாங்கிய நிபந்தனை மூன்றே வருடத்தில், வேறொரு சட்டத்தில், காணாமல் போய்விட்டது.

இப்போது கணக்கு. மத்திய அரசு 4 டாலர் கொடுத்தால் மாநிலம் 3 டாலர் போட வேண்டும். அதாவது 5 கோடி முழுவதையும் மாநிலங்கள் வாங்கினால், அவற்றின் பங்கு 3.75 கோடி, மொத்தம் 8.75 கோடி. சேர்ந்துவரும் மாநிலப் பணத்துக்கும் அதே எட்டு வரிதான் சட்டம். ஆக, வாஷிங்டன் தன் பணத்துக்கு மட்டும் நிபந்தனை போடவில்லை, அடுத்தவர் பணத்தையும் சேர்த்துத் தன் நிபந்தனைக்குக் கீழே கொண்டுவந்தது. மாநிலத்தின் சுகாதார பட்ஜெட்டில் அந்த 3 டாலர் வேறு எதற்காவது போயிருக்கும். அந்தப் பங்கை ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. தொண்டர்களின் உழைப்பு, இலவசமாகக் கிடைத்த இடம் இதையெல்லாம் கூடக் கணக்கில் காட்டலாம். கையில் காசு இல்லாத மாநிலமும் வாங்க வசதியாக இருந்தது.

பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்த முறை இன்னும் கவனிக்க வேண்டியது. எந்த மாநிலத்தில் ஏழைக் குழந்தைகள் அதிகமோ அதற்கு அதிகப் பங்கு. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் வசதியான ஊரில் பிள்ளைக்குப் பள்ளியில் சொல்லாததைச் சொல்லக் குடும்ப டாக்டர் இருப்பார், வீட்டில் புத்தகம் இருக்கும். ஏழை ஊரில் அந்த ஒரு வகுப்புதான். அங்கே காசு வாங்காமல் வந்து பாடம் நடத்துகிறேன் என்று ஒரு அமைப்பு சொன்னால் எந்தத் தலைமை ஆசிரியர் வேண்டாம் என்பார்?

பாலியல் கல்வி நடத்திய உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டபோது, விலகியிருப்பது ஒன்றே வழி என்று கற்பிப்பதாகச் சொன்னவர்கள் 1988-ல் 100-க்கு 2 பேர். 1999-ல் 23 பேர்.

இதற்கு மேல் 2000-ல் இன்னொன்று நடந்தது. சில மாநிலங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு சாமர்த்தியமாகச் செலவழித்தன. விளம்பரம், சின்னப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு, இப்படி எட்டு வரியில் மென்மையான வரியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டன. (நம் ஊர் அலுவலகங்களுக்கு இந்தக் கலை புதிதல்ல.) சட்டத்தை எழுதியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனவே மாநிலங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்: ஊர் அமைப்புகளுக்கு வாஷிங்டனிலிருந்து நேரடிப் பணம். எட்டு வரியும் கட்டாயம், 12 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. 2001-ல் 2 கோடி டாலரில் ஆரம்பித்த இந்தத் திட்டம் புஷ் ஆட்சியில் ஏறி ஏறி 11 கோடியைத் தாண்டியது. 2006-ல் ஒரு படி மேலே போய், மாநிலங்களுக்கான பணத்தை 29 வயது வரை உள்ளவர்களுக்கும் செலவிடலாம் என்று விதிமுறையில் எழுதினார்கள். 29 வயதுக்காரருக்கு அரசாங்கம் பிரம்மச்சரியம் சொல்லித்தருவதை நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

வகுப்பில் என்னதான் சொன்னார்கள்? 2004 டிசம்பரில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் ஓர் அறிக்கை வெளியிட்டார். நேரடிப் பணம் வாங்கிய அமைப்புகள் அதிகம் பயன்படுத்திய 13 பாடத்திட்டங்களை எடுத்துப் படித்தார்கள். 11-ல் பிழை. வியர்வை, கண்ணீர் மூலமும் எச்.ஐ.வி. பரவலாம் என்று ஒன்றில் இருந்தது. ஆணுறை போட்டாலும் 31 சதவீதம் எச்.ஐ.வி. தடுக்கப்படாது என்று ஒன்றில். 43 நாள் கருவை 'சிந்திக்கும் மனிதர்' என்று ஒன்றில். ஓரினச் சேர்க்கையில் ஈடுபடும் பதின்ம வயது ஆண்களில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. என்று இன்னொன்றில்.

ஆணுறையால் பிரயோஜனம் இல்லை என்று பதினாறு வயதில் நம்பிவிட்ட பையன் என்ன செய்வான்? உறவே வைத்துக்கொள்ள மாட்டான் என்பது பாடம் எழுதியவர்களின் எதிர்பார்ப்பு. ஆணுறை போடாமல் போவான் என்பதும் நடக்கக் கூடியதுதானே. பணம் கொடுத்தவர்கள் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை.

மதம் பற்றிய பழைய சண்டையும் மறுபடி கிளம்பியது. லூசியானாவில் இந்தப் பணம் மதப் பிரசாரத்துக்குப் போனதாக 2002-ல் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். விரலில் வெள்ளி மோதிரம் மாட்டி உறுதிமொழி எடுக்கவைத்த ஒரு கிறிஸ்தவ அமைப்புக்கு மத்திய நிதி போனது பற்றி 2005-ல் வழக்கு; அடுத்த வருடம் அரசு அந்த நிதியைத் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டு சமரசம். 2004-ல் நடந்த ஒரு கருத்துக் கணிப்பில், விலகியிரு என்பதை மட்டும்தான் கற்பிக்க வேண்டும் என்றவர்கள் 100-க்கு 15 பேர்தான். மற்ற பெற்றோர் அத்தனை பேரும் ஒழுக்கம் கெட்டவர்களா என்ன? பொறுத்திரு என்று சொல்லுங்கள், முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள் என்பதுதான் அதிகம் பேரின் கருத்து. நம் ஊர் அம்மாக்களிடம் தனியாகக் கேட்டால் கூட இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

50 மாநிலங்களில் இந்தப் பணத்தை ஆரம்பம் முதல் தொடாதது கலிபோர்னியா மட்டும்தான். அங்கே ஏதோ புரட்சி நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் அந்த மாநிலமே சொந்தக் காசில் இதே மாதிரி 'இப்போது படிப்பு, பிறகு குழந்தை' என்று பெரிய திட்டம் நடத்தியது. மதிப்பீடு செய்து பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. 1996-ல் குடியரசுக் கட்சி கவர்னர் பீட் வில்சனே அதை நிறுத்தினார். அதே வருடம் வாஷிங்டன் அதே சரக்கை மானியத்தோடு நீட்டியபோது, வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

மற்ற மாநிலங்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. 2005-ல் மெய்ன் விலகியது. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. 2009 வாக்கில் ஏறக்குறைய பாதி மாநிலங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மத்திய அரசு தருகிற பணத்தை மாநிலம் மறுப்பது எந்த நாட்டிலும் லேசில் நடக்காது. இந்தியாவில் 2007-ல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மறுத்தது சிலருக்கு நினைவிருக்கும். இங்கே பாடம் ரொம்ப வெளிப்படையாக இருக்கிறது என்று மறுத்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அங்கே பாடம் ரொம்ப மூடி மறைக்கிறது என்று மறுத்தார்கள்.

அந்த 2007 ஏப்ரலில்தான் எல்லோரும் காத்திருந்த ஆய்வு வந்தது. இதற்கு உத்தரவிட்டது எதிர்க்கட்சி இல்லை. பணம் கொடுத்த நாடாளுமன்றமே 1997-ல் மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தது. மேதமேடிகா என்ற ஆய்வு நிறுவனம், வர்ஜீனியா, ஃபுளோரிடா, விஸ்கான்சின், மிசிசிப்பி மாநிலங்களில் நான்கு திட்டங்களை எடுத்துக்கொண்டது. 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். குலுக்கல் முறையில் சிலரை வகுப்பில் சேர்த்தார்கள், சிலரைச் சேர்க்கவில்லை. சில வருடம் கழித்துத் தேடிப் போய்க் கேட்டார்கள். வகுப்புக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதுவரை உறவு வைத்துக்கொள்ளவில்லை. போகாதவர்களிலும் அதே பாதி. உறவு வைத்துக்கொண்டவர்களுக்கு முதல் தடவை சராசரி வயது 14.9, இந்தப் பக்கமும் 14.9, அந்தப் பக்கமும் 14.9. வித்தியாசம் என்று எதையும் காட்ட முடியவில்லை.

பத்து வருடம் பணம் கொடுத்த பிறகு வந்த தணிக்கை இது. ஒரு கம்பெனியாக இருந்தால் அடுத்த பங்குதாரர் கூட்டத்தில் நாற்காலி பறந்திருக்கும். இங்கே அந்த வருடமும், அடுத்த வருடமும் கூட, பணம் கிட்டத்தட்ட அதே அளவில் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொறுத்திரு என்று பிள்ளைகளிடம் சொல்வதே வீண் என்று இந்த வரலாறு காட்டவில்லை. 2010 பிப்ரவரியில் ஜான் ஜெமட் என்ற ஆய்வாளர் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நகரப்புற கறுப்பினப் பிள்ளைகள் 662 பேர், ஆறாம் ஏழாம் வகுப்பு. விலகியிருப்பதை மட்டும் வலியுறுத்திய வகுப்புக்குப் போனவர்களில், இரண்டு வருடத்துக்குள் உறவைத் தொடங்கியவர்கள் மூன்றில் ஒருவர். அந்த வகுப்புக்குப் போகாமல் பொதுவான உடல்நல வகுப்புக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். பலன் இருந்தது! ஆனால் அந்த வகுப்பு 'திருமணம் வரை' என்று சொல்லவில்லை, 'நீ தயாராகும் வரை' என்றது. ஆணுறையை மட்டம் தட்டவில்லை. பொய் சொல்லவில்லை. அதனால் அந்த எட்டு வரி விதிப்படி அதற்கு ஒரு டாலர் கூடக் கிடைத்திருக்காது. நோக்கம் நிஜமாகவே பிள்ளைகள் பொறுத்திருப்பதுதான் என்றால், பலன் தந்த வகுப்பை வெளியே நிறுத்திய விதிக்கு என்ன அர்த்தம்?

ஒபாமா வந்த பிறகு கணக்கு மாறியது. 2010 பட்ஜெட்டில் அமைப்புகளுக்கான நேரடிப் பணத்தை நிறுத்திவிட்டு, பதின்ம வயது கர்ப்பத் தடுப்புக்கு என்று 11 கோடி டாலர் ஒதுக்கினார்கள். சோதித்துப் பலன் நிரூபித்த திட்டங்களுக்கே பெரும்பங்கு என்று விதி. அதே வருடம் சுகாதாரச் சட்டத்தில் மாநிலங்களுக்கு வருடம் 7.5 கோடி: விலகியிருப்பதையும் சொல், கருத்தடையையும் சொல், சொல்வது மருத்துவ ரீதியாகச் சரியாகவும் முழுமையாகவும் இருக்கட்டும். பதினான்கு வருடம் கழித்து அந்த வரி சட்டத்துக்குள் வந்தது.

பழையது ஒழிந்ததா என்றால், இல்லை. 2009-ல் காலாவதியான அந்த 5 கோடியை, ஆரின் ஹேட்ச் (1981-ல் பார்த்தோமே, அவரேதான்) அதே சுகாதாரச் சட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஒரே சட்டம், இரண்டு பை, இரண்டிலும் நேர் எதிரான பாடம். மாநிலங்கள் வேண்டுமானால் இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம், சில வாங்கின. 2018-ல் அந்தப் பழைய பையின் பெயரைப் 'பாலியல் அபாயத் தவிர்ப்புக் கல்வி' என்று மாற்றி, தொகையை 7.5 கோடியாக உயர்த்தினார்கள். 1996 முதல் 2009 வரை மட்டும் விலகியிருத்தல் கல்விக்குப் போன மத்திய பணம் 150 கோடி டாலருக்கு மேல்.

புதிய திட்டங்களும் மந்திரக்கோல் இல்லை. ஒபாமா காலத் திட்டத்தின் முதல் சுற்றில் நடந்த 40 சொச்சம் ஆய்வுகளில் பலன் தெரிந்தது 12-ல்தான். ஆனால் எது பலன் தரவில்லை என்று தெரிந்துகொள்ளவாவது அந்தப் பணத்தில் வழி இருந்தது. அதே சமயம் நாட்டில் பதின்ம வயதுப் பிரசவம் மளமளவென்று இறங்கியது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 1,000-க்கு 61.8 என்று 1991-ல் இருந்தது 2023-ல் 13 சொச்சம். இதற்குப் பாடம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல காரணம் உண்டு. 1995 முதல் 2002 வரை பதின்ம வயதுக் கர்ப்பம் குறைந்ததை ஆராய்ந்த ஓர் ஆய்வு, அதில் 86 சதவீதம் கருத்தடை மேம்பட்டதால், மீதி 14 சதவீதம் உறவைத் தள்ளிப்போட்டதால் என்று கணக்குப் போட்டது. பாலியல் கல்விக்கான மத்திய அரசுப் பணம் அதிகமாகப் போனது அந்த 14 சதவீதப் பக்கம்தான்.

2017 ஜூலையில் டிரம்ப் ஆட்சி, கர்ப்பத் தடுப்புத் திட்டத்தில் 81 அமைப்புகளுக்கு ஐந்து வருடத்துக்கு என்று ஒத்துக்கொண்ட நிதியை இரண்டு வருடம் முன்னதாகவே நிறுத்துவதாகக் கடிதம் அனுப்பியது. அமைப்புகள் வழக்குப் போட்டன. 2018-ல் அடுத்தடுத்து நீதிமன்றங்கள் இது செல்லாது என்றன. அப்படித் தீர்ப்பளித்தவர்களில் ஒருவர், பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன கெடான்ஜி பிரவுன் ஜாக்சன்.

2025-ல் இன்னொரு சுற்று. இந்த முறை கை வைத்தது 2010-ல் வந்த 7.5 கோடித் திட்டத்தில். பாலின அடையாளம் பற்றிய வரிகளைப் பாடத்திலிருந்து நீக்கு என்று மாநிலங்களுக்கு உத்தரவு போனது. நீக்க மாட்டேன் என்ற கலிபோர்னியாவின் நிதியை ஆகஸ்டில் ரத்து செய்தார்கள், ஏறக்குறைய 1.2 கோடி டாலர். அடுத்த மாதம் வேறு 16 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் அந்த உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போயின.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை கலிபோர்னியாவுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. நடுநிலைப் பள்ளியில் ஒரு தடவை, உயர்நிலைப் பள்ளியில் ஒரு தடவை முழுமையான பாலியல் கல்வி கட்டாயம் என்று 2016 முதல் அந்த மாநிலத்துக்குச் சொந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த 1.2 கோடி பள்ளிகளுக்கு மட்டும் போன பணம் அல்ல. சிறுவர் சீர்திருத்தப் பள்ளிகள், வீடற்றவர் விடுதிகள், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் தங்கும் இல்லங்கள் என்று, வகுப்பறையில் கிடைக்காத பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பாடம் நடத்தவும் அது செலவானது.